முன்வாசல் வழியா போனேன், அம்மா

என் தங்க அம்மா,

நேத்து நான் ஒரு துரை வீட்டுக்குள்ள முன்வாசல் வழியா போனேன். நம்புவியா?

நான் இருக்குற பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கத்துத் தமிழ் ஆளுங்க முப்பது பேர் பஸ் பிடிச்சு, மொன்றியலுக்கு வெளிய ஆத்தங்கரையில பழைய பண்ணைத் துரைமார் வாழ்ந்த வீடுகளைப் பாக்கப் போனோம். ஆத்தாடி, என்ன வீடு! தேயிலைத் தோட்டத்துல நாம இருந்த கூலி லயத்து அறை பத்தைத் தூக்கி அதோட ஒரு ஹாலுக்குள்ள வைக்கலாம். எல்லாரும் வாசல்லயே சப்பாத்தைக் கழட்டிக் குவிச்சிட்டோம். சுத்திக் காட்ட வந்த பொண்ணு, "வேணாம், போட்டுக்கிட்டே வாங்க"ன்னு கெஞ்சுது. யாரு கேட்டா?

மூஞ்சி தெரியுற பலகைத் தரை, அம்மா. வாயைப் பிளந்துக்கிட்டு நின்னேன்.

மேல, கூரைக்கு அடியில ஒரு சின்ன அறை. இங்க கனடாவுலயும் அந்தக் காலத்துல அடிமைங்க இருந்தாங்களாம். அந்த அறையில படுத்த அடிமைப் பொண்ணு எந்த ஊரு, என்ன பேரு, ஒண்ணும் தெரியாதாம். தரை மட்டும் இன்னும் மின்னுது.

"இதை எப்பிடி இப்பிடி மினுக்கினவை?"ன்னு சிவமணி அக்கா கேட்டாங்க. யாழ்ப்பாணத்துக்காரங்க. பதினெட்டு வருசமா எனக்குக் கூடப்பொறந்தவ மாதிரி. அவங்ககிட்டயும் நான் கண்டி டவுன்னுதான் சொல்லி வச்சிருந்தேன். தோட்டம்னு தெரிஞ்சா முகம் மாறிடுமோன்னு பயம். ஆனா நேத்து வாய் தானா தொறந்திருச்சு.

"இங்க எப்பிடியோ தெரியாது அக்கா. எங்கம்மா துரை பங்களாவுல முட்டி போட்டு, மெழுகு பூசி, தேங்காய் மட்டையால தேய்ப்பாங்க. பின்வாசல் வழியாத்தான் போகணும், வரணும். நான் லயத்துப் பிள்ளை."

முட்டி வலிக்குதான்னு உன்கிட்ட ஒருநாளாவது கேட்டேனா, அம்மா?

அக்கா திரும்பி வரும்போது பஸ் ஜன்னலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. போச்சு, இவங்களும் விலகிப் போயிட்டாங்கன்னே நினைச்சேன்.

இறங்குற நேரம் என் கையைப் பிடிச்சாங்க. "எங்கட வீட்டிலையும் தோட்டத்தில இருந்து வந்த ஒரு பிள்ளை வேலைக்கு நிண்டவள். என்னைத் தூக்கி வளர்த்தவள். 'பெட்டை'யெண்டுதான் கூப்பிடுவம். அவளின்ர பேரை நான் ஒருநாளும் கேக்கேல்லை"ன்னு சொல்லி அழுதாங்க. பொறகு கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "உம்மட அம்மான்ர பேரென்ன?"ன்னு கேட்டாங்க.

சொன்னேன். பஸ்ஸுக்கே கேக்குற மாதிரி சொன்னேன்.

இனி யாரு எந்த ஊருன்னு கேட்டாலும் கண்டின்னு சொல்ல மாட்டேன் அம்மா. தோட்டத்தையும் சொல்லுவேன், உன்னையும் சொல்லுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
ராமாயி பெத்த மக,
புஷ்பம்