வாயும் குரலும் ஒத்துப்போகிற கணினி

போன சனிக்கிழமை என் நாத்தனாரோடு ஜார்ஜ்டவுனில் ஒரு கணினிக் கடைக்குப் போயிருந்தேன். வீட்டு டிவியில் படம் பார்க்க அவளுக்கு ஒரு மினி பிசி வேண்டுமாம். கடைக்காரர் மேசைமேல் ஒன்றை வைத்து இயக்கினார். அதன் பின்பக்கத் துளைகளிலிருந்து வந்த காற்று இளஞ்சூடாக என் கையில் பட்டது. சூடேறிய பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த வாடை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"என்ன அண்ணி, தலை சுத்துதா?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன். என் சிநேகிதியான உன்னை அவளுக்குத் தெரியாது. எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

உன் நோய் நாக்கில் தொடங்கியது. ஜுருவில் அந்தக் கார்ப் பட்டறையின் முன்மேசையில் நீ உட்கார்ந்திருந்த காலத்தில், பின்கட்டில் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் ஆளுக்குக்கூட உன் குரல் போய்ச் சேரும். ஒருநாள் காலையில் போனில் பேசிய வாடிக்கையாளர், "என்ன அக்கா, காலையிலேயே தண்ணி போட்டாச்சா?" என்று கேட்டாராம். அதை என்னிடம் சொல்லிச் சிரித்தாய். அப்படிச் சிரித்தபோதே உன் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. நான் சிரிக்கவில்லை.

நரம்பு நோய் என்றார் மருத்துவர். முதலில் பேச்சு, பிறகு கை கால், கடைசியில் மூச்சு. குணமாக்க மருந்து கிடையாது. அதை அவர் உன் முகத்தைப் பார்க்காமல் உன் வீட்டுக்காரரிடம் சொன்னதுதான் உனக்குக் கோபம். அந்தத் தீபாவளிக்குள் உன் பேச்சு அடங்கிவிட்டது. அதன்பின் மடியில் போனை வைத்து ஒற்றை விரலால் எழுதிக் காட்டுவாய். உன் வாய்க்குப் பதில் அந்தப் போன்தான்.

அப்படித்தான் ஒருநாள், "டிவிக்கு வேற பெட்டி வாங்கணும். நீ வா," என்று எழுதினாய். ஏற்கெனவே இருந்த மலிவான பெட்டி பழைய படங்களை ஒழுங்காக ஓட்டும். போனில் எடுத்த வீடியோவைப் போட்டால் மட்டும் திணறும்; குரல் முன்னால் ஓட, வாய் பின்னால் அசையும். "நான் இருக்கேன் லா, என்ன படம் வேணுமோ போட்டு விடறேன். எதுக்குப் புதுசு?" என்றார் உன் வீட்டுக்காரர். நீ எழுதினாய்: "கேட்டுக் கேட்டுப் பாக்க முடியாதுன்னு சொல்லு அவர்கிட்ட."

நான் புக்கிட் தெங்காவில் தொழிற்சாலைக்குச் சாமான் வாங்கும் வேலையில் இருப்பவள். விசாரிக்காமல் எதையும் வாங்க மாட்டேன். எங்கள் கணினிப் பிரிவில் கேட்டுக்கொண்டு வந்தேன். இப்போதைய போன்கள் வீடியோவைப் புதுவிதமாகச் சுருக்கி வைக்கின்றன. அதை விரித்துக் காட்டும் திறன் கணினியின் சிப்பிலேயே இருக்க வேண்டும். அது இல்லையென்றால் மெமரியைக் கூட்டியும் பயனில்லை. நம் வீடியோ ஒன்றைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். நீ படம் பார்க்கத்தான் ஆசைப்படுகிறாய் என்று நினைத்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டு வைத்தேன்.

செபராங் ஜெயாவில் உன் வீட்டிலிருந்து கடல் பாலம் கடந்து, ஜார்ஜ்டவுனுக்கு உன்னைக் காரில் கூட்டிப் போனோம். கடைக்காரர் நடுவயதுச் சீனர், மலாய்தான் பேசினார். இரண்டைக் காட்டினார். ஒன்று புதியது, உள்ளங்கை அளவு, காற்றாடி இல்லாததால் சத்தமே இல்லை. மற்றொன்று ஏதோ அலுவலகத்தில் உழைத்த பின் கழித்துவிடப்பட்டது, செங்கல் போலக் கனம். விலை ஏறக்குறைய ஒன்றுதான். புதியதைப் பார்த்ததுமே உன் வீட்டுக்காரருக்குப் பிடித்துவிட்டது. "சின்னதா அழகா இருக்குல்ல?"

நீ பையைக் காட்டினாய். உள்ளே ஒரு பென்டிரைவ். கடைக்காரர் அதைப் புதியதில் செருகினார். திரையில் உன் சமையலறை. கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் திணறி நின்றது. அடுத்து, பழையதில் செருகினார்.

"ஏய், சட்டியத் தொடாத லா, சுடும்! சொன்னா கேக்குதா பாரு. இவளுக்கு மீ கோரெங் செய்யக் கத்துக் குடுக்கறதுக்கு ஒரு மாட்டுக்குச் சொல்லிக் குடுத்துரலாம்!"

உன் குரல். கடை முழுக்க. திரையில் நீ நூடுல்ஸ் சட்டிக்கு மேல் கரண்டியை ஆட்டி என்னைத் திட்டுகிறாய். வாயும் குரலும் இம்மியும் பிசகவில்லை. அடுத்த கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

நம் கடைக்காரர் சிரித்துவிட்டு, "யார் இந்த அம்மா, இவ்வளவு கறார்?" என்று மலாயில் கேட்டார். உன் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான்தான் சக்கர நாற்காலியில் இருந்த உன்னைக் காட்டினேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றது. அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தார். நீ தொடையிலிருந்து கையைக் கஷ்டப்பட்டுத் தூக்கி, கூட்டு, கூட்டு என்று சைகை செய்தாய்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நீ எதைப் பார்க்க அந்தக் கணினியைத் தேடினாய் என்று.

"பழசா? வேணாம்மா," என்றார் உன் வீட்டுக்காரர். பழையதுதான், ஆனால் ஒரு வருடத்துக்கு உத்தரவாதம் என்றார் கடைக்காரர். நீ ஒரே ஒரு சொல் எழுதிக் காட்டினாய்: "போதும்."

டிவிக்குப் பின்னால் அதைப் பொருத்தினோம். அது ஓடும்போதெல்லாம் உன் அறையில் அந்தச் சூடேறிய பிளாஸ்டிக் வாடை இருக்கும். சுவரில் சுவிட்சைப் போட்டாலே தானாகக் கிளம்புகிற மாதிரி அமைத்துக் கொடுத்தேன். உன் கைக்கு அடியில் பெரிய பொத்தான் ஒன்று, அமுக்கினால் அடுத்த வீடியோ. விரல் எழுதுவதை நிறுத்திய பிறகும் உள்ளங்கை அதை அமுக்கியது. பிறந்தநாள், கோயில் திருவிழா, சமையலறை, பட்டறை விருந்து. எல்லாவற்றிலும் நீ பேசிக்கொண்டிருந்தாய், கட்டிலில் நீ கேட்டுக்கொண்டிருந்தாய்.

உன் வீட்டுக்காரரால் அதைத் தாங்க முடியவில்லை. நான் வந்திருந்த ஒரு மதியம் அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஒவ்வொரு தடவையும் அவ கூப்பிடறான்னு நெனச்சி உள்ள ஓடறேன்மா. போய்ப் பாத்தா வாய மூடிக்கிட்டுக் கெடக்கறா. நான் என்ன பண்ணுவேன்?"

எழுத்து அட்டையை எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தேன். நான் விரலை எழுத்து எழுத்தாக நகர்த்த, சரியான எழுத்தில் நீ கண்ணை மூடித் திறப்பாய். பாதிச் சொல் வந்ததும் நான் ஊகித்து முடித்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய், கோபம். மறுபடி முதலிலிருந்து. மதியம் முழுக்க ஆனது அதை வாங்க.

"மனசுக்குள்ள பேசறப்ப இப்ப என் குரல் வரல. யாரோ பேசற மாதிரி இருக்கு. மறந்துகிட்டே வருது."

அதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். படித்தார். உள்ளே போய்ப் பிளக்கைச் செருகினார். பிறகு டிவிக்கு முதுகைக் காட்டிக் கட்டிலில் உட்கார்ந்து, உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் குரல் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அதன்பின் தினமும் அப்படித்தான் உட்கார்ந்தார்.

மழைக்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி உன்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. கருமாதி முடிந்த அன்று உன் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கம்ப்யூட்டர எடுத்துட்டுப் போறியாமா?" என்று கேட்டார். நான் கழற்றப் போனதும், "வேணாம், இருக்கட்டும்," என்றார். இன்றுவரை போடவும் இல்லை, கழற்றவும் இல்லை.

நாத்தனாருக்குப் பழையது ஒன்றையே வாங்கிக் கொடுத்தேன், அவள் போன் வீடியோவை ஓட்டிப் பார்த்துவிட்டு. கடை வாசலில் அவள், "அண்ணி, கடைக்குள்ள உங்களுக்கு... வந்து..." என்று எப்படிக் கேட்பதென்று தெரியாமல் தடுமாறினாள். முன்பானால் அவள் சொல்ல வந்ததை நானே சொல்லி முடித்திருப்பேன். உன் எழுத்து அட்டைக்குப் பிறகு யாருக்கும் அப்படிச் செய்வதில்லை. சாலையோரம் அவள் முகத்தைப் பார்த்தபடி, அவளாகவே அதைச் சொல்லும்வரை நின்றேன்.