ஒளி எழுப்பவும்

இதனால் மேலே குடிபோய்விட்ட உனக்கும், பக்கத்து மேகத்துக்காரர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், என் வலது கட்டைவிரல் நகம் நீலமாகிவிட்டது. சோப்புக்கும் அசையவில்லை, மண்ணெண்ணெய்க்கும் மசியவில்லை. அந்தக் கையோடு சோற்றுச் சட்டிப் பக்கம் வரக்கூடாது என்று எங்கம்மா தடை உத்தரவு போட்டாயிற்று.

அது உன் லாரியின் நீலம்டா. நீ என்ன பெயின்ட் அடித்துத் தொலைத்தாய் என்று கண்டுபிடிக்க, அடிப்பக்கம் யார் கண்ணிலும் படாத ஒரு மூலையைத் தின்னர் தொட்ட துணியால் தேய்த்தேன். உடனே கரையவில்லை. கொஞ்சம் யோசித்து, பாலாடை மாதிரி சுருங்கி எழுந்தது. அப்படியென்றால் எனாமல். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் உட்கார்ந்து என்னைத் திட்டுவது போலவே இருந்தது. செத்தும் வாய் குறையவில்லை உனக்கு.

ஊரே லாரிக்கு பாடி கட்டிப் பிழைக்கும்போது நாம் மட்டும் முழங்கை நீளத்துக்கு பிளாஸ்டிக் ஷீட்டில் லாரி கட்டிக்கொண்டிருந்தோம். கட்டும் வரை ஒற்றுமை. கடைசியில் மேலே அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட் வந்தால் அடிதடி. எனக்குக் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும், கிளாசி. உனக்கு மினுக்கே ஆகாது, மேட். "ரோட்ல ஓடற லாரி எதுடா மினுக்குது? உன்னுது லாரியா, கல்யாணத்துக்குப் போற பொண்ணா?" என்பாய். மேட், மேட் என்று உயிரை வாங்கியதால்தான் உனக்கு மேட்டூரான் என்று பேர் வைத்தேன். எருமப்பட்டியில் பிறந்த உன்னிடம் புது வாத்தியார் அணையில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டதும், நீ கூசாமல் ஒரு கணக்குச் சொன்னதும் இன்னும் வகுப்பில் பேசப்படுகிறது. பதிலுக்கு நீ விட்டாயா? "பிசிக்ஸ்ல கிளியர் ஆகாதவன் கிளியர் கோட்டப் பத்திப் பேசறான் பாருங்கடா" என்று பெஞ்சு முழுக்கச் சிரிக்க வைத்தாய்.

அப்புறம் உன் ரத்தத்தில் கோளாறு என்றார்கள். சேலத்து ஆஸ்பத்திரியில் உன் முடியெல்லாம் கொட்டியிருந்த அன்று, பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் உன் தலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஃபேனை, ஜன்னலை, ஆரஞ்சுப் பழத்தை. நான் மட்டும் நேராக உன் தலையைப் பார்த்து, "மேட்டூரானுக்கு ஆண்டவனே கிளாசி அடிச்சு உட்டுட்டானே" என்றேன். உங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். நீ சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, அதே முகத்தோடு சொன்னாய்: "நான் போயிட்டா என்ர லாரிக்கு கிளாசி அடிச்சுத் தொலைச்சராத. பேயா வந்து சொரண்டுவேன்."

அன்றைக்கு மட்டும் நீ ஜெயித்தாய்.

உங்கப்பா வடக்கே லோடோடு போயிருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் நீ கிளம்பிவிட்டாய். சாவு வீட்டில் உங்கம்மா என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினார். "நீ கொண்டாந்து குடுத்த தின்னருதாண்டா எம்பையனத் தின்னுருச்சு" என்றார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னது அவருக்கும் தெரியும். இருந்தாலும் சொன்னார். ஊரில் சிலேடைக்கு நான்தான் ராஜா என்று திரிந்தவன். பெற்றவள் வாயிலிருந்து அப்படி ஒன்று விழும் என்று நினைக்கவில்லை.

போன மாதம் உங்கப்பா உன் லாரியைத் துண்டில் சுற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் ஓட்டும் பன்னிரண்டு சக்கர வண்டியை அப்படியே இறக்கியிருக்கிறாய், படுபாவி. பெயின்ட் அடித்து முடிந்திருந்தது. பின்கதவில் உன் கையெழுத்தும் இருந்தது. கிளியர் கோட் மட்டும் பாக்கி. உன் படத்துக்குக் கீழே வைக்க வேண்டுமாம்.

"பளபளன்னு அடிச்சுக் குடு சாமி" என்றார்.

அவனுக்கு மேட்தான் பிடிக்கும் மாமா என்று இழுத்தேன். அவர் லாரியைத் திருப்பி, பின்கதவில் விரலை வைத்தார். "அவனே எழுதி வெச்சிருக்கானே. ஒளின்னு."

ஒலி எழுப்பவும் என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஒளி எழுப்பவும்' என்று எழுதியிருக்கிறாய். ஒன்றாம் வகுப்பிலிருந்து உனக்கு லகர ளகரம் வந்ததே இல்லை. வேறு யார் முன்னால் என்றாலும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். எழுத்துப் பிழையைத் தன் பையனின் கடைசி ஆசை என்று நம்பி நிற்கும் மனிதரிடம் என்ன சொல்ல? சரிங்க மாமா என்றேன்.

ஆனால் நீ கவலைப்படாதே. இந்த ஜில்லாவிலேயே கிளியர் கோட்டில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. எனாமலுக்கு மேல் தின்னரில் கரைகிற லாக்கர் வகை கிளியர் பட்டால் பெயின்ட் சுருண்டுவிடும், உன் எழுத்தும் அதோடு சேர்ந்து போகும். தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் கிளியர்தான் பத்திரம். அதையும் மெலிதாக, தள்ளி நின்று, ஒன்று காய்ந்த பின் ஒன்று. கடைக்காரருக்கே பாடம் எடுத்துவிட்டு வந்தேன். இரண்டு ஸ்ப்ரே டப்பா வாங்கினேன், கிளாசி ஒன்று, மேட் ஒன்று. பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் வேலை பிரமாதமாக முடிந்தது என்றும் சொல்லியாயிற்று.

முடியவில்லைடா. முதலில் என் லாரியில் அடித்துப் பார்த்தேன். அவசரத்தில் வீட்டில் கிடந்த பழைய லாக்கர் டப்பாவை எடுத்துவிட்டேன். கிழவி கன்னம் மாதிரி ஆகிவிட்டது என் வண்டி. நீ பார்த்திருந்தால் ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய். அதற்கப்புறம் உன் லாரிப் பக்கம் டப்பாவைக் கொண்டுபோனால் மூடியைத் திறக்காமலே திரும்பி வருகிறேன். கிளாசியா மேட்டா என்பதையே இன்னும் முடிவு செய்யவில்லை. துண்டைப் பிரிக்கிறேன், பார்க்கிறேன், மறுபடியும் சுற்றி வைக்கிறேன்.

நேற்றும் உங்கப்பா வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஆச்சா சாமி என்று கேட்டார். நீலக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு நின்றேன்.

"இன்னும் காயலீங்க மாமா."