உன் கையெழுத்தைக் காட்டி உன்னைத் திருப்பினார்கள்

இன்று காலை தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம். பியூன் ஸ்டாம்ப் பேடைத் திறந்து மேசைமேல் வைத்தார். அந்த மை வாடை மூக்கில் ஏறியதும் உன் தலைக்கட்டின் மருந்து வாடையும் கூடவே வந்தது. போன வருஷம் இதே மேசையில் காலனித் தெருவுக்காக நீ கையெழுத்துப் போட்டாய். இந்த வருஷம் உன் இடத்துக்கு என்னை அனுப்பினார்கள்.

நீ கையெழுத்துப் போட்டதற்கு முந்தின நாள் எதிர்வீட்டு மாமாவின் பாடையை, இரண்டு தெருவுக்கும் நடுவிலுள்ள சிறுபாலம் தாண்டி ஊர்த்தெரு வழியாகத் தூக்கிப் போனோம். மனு மேல் மனு போட்டு வாங்கிய சுடுகாட்டு வழி. நாலு பாடை ஒழுங்காகப் போனது. ஐந்தாவதாகப் போன மாமாவின் பாடையைப் பாதித் தெருவில் ஊர்த்தெருக்காரர்கள் மறித்தார்கள். முதலில் செங்கல், பிறகு இரும்புக் குழாய். பாடை கவிழ்ந்து மாமா மண்ணில் குப்புற விழுந்தார். அவரைப் புரட்டக் குனிந்த உன் தலையில் குழாய் இறங்கியது. அடித்தவன் பிளஸ் டூவில் உன் நோட்டைப் பார்த்துப் பாஸானவன். பிணத்தை இழுத்துக்கொண்டு சிறுபாலம் வரை ஓடினோம். போலீஸ் அங்கே வந்து நடுவில் நின்றது. நம் பையன்கள் பதினோரு பேரை வேனில் ஏற்றினார்கள். ஊர்த்தெருவில் இரண்டு பேரை.

மறுநாள் நீட்டிய காகிதத்தில் ஒரு வரிதான் முக்கியம். ‘ஓராண்டு காலத்துக்கு இரு தரப்பினரும் இன்றுள்ள நிலையிலேயே இருக்க வேண்டும்.’ இன்றுள்ள நிலை என்றால் அடிபட்டு ஓடி வந்து நின்ற இடம். ஒரே நாளில் வழி போனது.

இது உனக்குத் தெரியாததா? போட்டித் தேர்வுக்குத் திருவண்ணாமலையில் படித்துவிட்டு, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸின் படியில் தொங்கியபடி நீதானே கொரியாவைப் பற்றிச் சொன்னாய்? “அங்க சண்ட முடியலடா. நிறுத்தி வெச்சிருக்கானுங்க, அவ்ளோதான். பட்டாளம் எங்க நின்னுச்சோ, அதான் கோடு. அந்தக் கோட்ட வெச்சே ரெண்டு பக்கமும் அரசியல் ஓடுது.”

கையெழுத்துப் போடும் முன் தாலுகா ஆபீஸ் தாழ்வாரத்தில் உன் சட்டையைப் பிடித்துக் கெஞ்சினேன். “போடாதடா.”

“பதினோரு பசங்க உள்ள இருக்கானுங்க. இன்னைக்கு அடி நிக்கட்டும். கோட்ட அப்புறம் பேசிக்கலாம்.”

உன் ‘அப்புறம்’ பன்னிரண்டு நாளில் முடிந்தது. மூளைக்குள் ரத்தம் உறைந்துவிட்டதாம்.

உன் பாடையைச் சிறுபாலத்தில் போலீஸ் நிறுத்தியது. காகிதத்தைப் படித்துக் காட்டினார்கள். அந்தப் பக்கமிருந்து ஒருவன் சொன்னான்: “உங்காளு போட்டதுதான? அவன் கையெழுத்துக்காவது மரியாத குடுங்கடா.” சுடுகாட்டுக்கு வேறு வழியில்லாமல் பக்கத்து ஏரிக்குள் இறங்கினோம். இடுப்பளவு சேறு. இரண்டு முறை உன்னைக் கீழே போட்டோம்.

இப்போது அந்தப் பாலம் எல்லாருக்கும் வசதி. எலெக்‌ஷன் வண்டிகள் இந்தப் பக்கம் ஒரு பேச்சு, அந்தப் பக்கம் ஒரு பேச்சு பேசிவிட்டுப் பாலத்திலேயே திரும்பின. தெருவுக்கு ஒரு ரேஷன் கடை தருகிறேன் என்றார் ஒருவர். நம் தெருவிலும் கை தட்டினார்கள்.

“அதே பேப்பர்தான் தம்பி, தேதி மட்டும் புதுசு. போட்டுட்டு டீ குடிங்க” என்றார் இன்று அதிகாரி.

“நிலைன்னா எந்த நாளு நிலை சார்?”

எதிர் வரிசையில் ஒருவன், “ஆரம்பிச்சிட்டான்டா” என்றான்.

‘இன்றுள்ள’ என்பதை அடித்து, ‘சண்டைக்கு முந்தின நாள் இருந்த’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி காகிதத்தைப் பிடுங்கினார். “இது செல்லாது. நாளைக்கு எதனா ஆச்சுன்னா நீதான் பொறுப்பு.”

“போன வருஷம் ஆனதுக்கு யாரு சார்?”

அந்தப் பக்கம் யாரும் கையெழுத்துப் போடவில்லை. பழையதன் கெடுவும் முடிந்துவிட்டது; ஆக, இன்று முதல் காகிதம் இல்லை. உன்னை அடித்தவன் ஜாமீனில் வந்து வாசலில் பைக்மேல் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்காமலே கடந்து வந்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

நேராக உன் அம்மாவிடம் போனேன். ஒரு மாசமாகப் படுக்கைதான், சாப்பாடு இறங்குவதில்லை. நடந்ததைச் சொன்னேன். கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம் புள்ளயத் திருப்புன எடத்துல என்னையும் திருப்ப உட்டுடாதப்பா.”

சரிம்மா என்று சொல்லிவிட்டேன். உன் பாடை மூங்கில் அழுத்திய தோளைத்தான் அவருக்கும் கொடுக்கப் போகிறேன். இந்த முறை ஏரிக்குள் இறங்க மாட்டேன்.