அண்ணனுக்கு ஒரு துண்டு கேக்

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மாத்திரையை நிறுத்திவிட்டாயா என்று மட்டும் இனி போனில் கேட்காதீர்கள். நீங்கள் சர்க்கரைக்கு விழுங்குவதை நான் என்றைக்காவது கேட்டேனா?

அண்ணன் பிறந்தநாளன்று என்னால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. பயப்படாதீர்கள், மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். அன்று லீவு சொன்னபோது சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் போனில், "மனசைத் தைரியமா வச்சுக்கப்பா" என்றார். தைரியத்தை என்ன, அலமாரியில் மடித்தா வைத்திருக்கிறேன்?

என்னோடு தங்கியிருக்கும் டிரைவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "என்னடா ஆச்சு?" என்று மட்டும் கேட்டான். எனக்கிருக்கும் இதே மனச்சோர்வு நோயில்தான் அண்ணன் போனான் என்று சொன்னேன். "போனதை அப்புறம் பேசலாம். இன்னைக்குப் பொறந்த நாள்தானே?" என்று எழுந்து போய்க் கேக் வாங்கி வந்தான். எனக்குச் சைக்கிள் சொல்லித் தருகிறேன் என்று அண்ணன் தானே சாக்கடையில் விழுந்த கதையைச் சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். "இது உங்கண்ணனுக்கு" என்று ஒரு துண்டை ஒதுக்கினான். கடைசியில் அதையும் அவனே தின்றான்.

பிறகு, "ஆளு எப்படி இருப்பாரு, காட்டுடா" என்றான். காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை. எனக்கு வைத்தியம் தொடங்கியதும், கூடத்திலிருந்த அண்ணன் படத்தைக் கழற்றிப் பரணில் போட்டவர் நீங்கள். என் போனில் இருந்ததையும் அழித்தீர்கள். பார்த்துப் பார்த்து நானும் அவனைப்போல ஆகிவிடுவேன் என்று பயம். படம் பரணுக்குப் போனது, நோய் என்னோடு விமானம் ஏறிவிட்டது.

வேலைக்கு அழைத்துப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. இரண்டு பனியன் அனுப்புங்கள், அவன் படத்தின் நகல் ஒன்றும். அசலைப் பழைய இடத்திலேயே மாட்டிவிடுங்கள். ஆணியை நீங்கள் இன்னும் பிடுங்கவில்லை என்று அம்மா சொன்னாள்.

உங்கள் இளையவன்