தடுப்பை மாட்டியவளுக்கு

என் தங்கச்சிக்கு,

கோழி கிளறியதுபோல் இருக்கிறதே என்று முகம் சுளிக்காதே. இடது கை இப்போதுதான் எழுதப் பழகுகிறது. தலை பின்ன மட்டும் இன்னும் அடம் பிடிக்கிறது.

கை போனதற்கு நஷ்ட ஈடு கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். உன் காதுக்கும் எட்டியிருக்கும். "மெஷின்ல தடுப்பு மாட்டித்தான் இருந்துச்சு. அக்காதான் அவசரப்பட்டு கையை விட்டுட்டா" என்று விசாரணையில் சொன்னபோது நீ என் பக்கம் திரும்பவே இல்லை. என் கம்மலைப் போட்டிருந்தாய். உனக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

தடுப்பு இருந்தால் வேலை ஓடாது என்று, காலையில் வந்ததுமே அதைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடுவோமே, அட்டை வெட்டும் இயந்திரம் என் மணிக்கட்டை நசுக்கிய அன்றும் அது அங்கேதான் கிடந்தது. என்னைத் தூக்க ஆள் வருவதற்குள் சூப்பர்வைசர், "மாட்டு, சீக்கிரம் மாட்டு" என்று கத்தினார். நீ ஸ்பானரோடு குனிந்தாய். நான் மயங்கிவிட்டேன் என்று நினைத்தீர்கள்.

அதைக் கிளற இதை எழுதவில்லை. உன் வீட்டிலும் பசித்த வயிறுகள் இருக்கின்றன.

நேற்று நம் கம்பெனி ஸ்டோர்காரர் வந்திருந்தார். என் இயந்திரத்தில் இப்போது உன்னைப் போட்டிருக்கிறார்களாம். "தடுப்பு?" என்றேன்.

"பெஞ்சுக்கு அடியிலதாம்மா கிடக்கு."

அட்டை சிக்கினால் சுவிட்சை அணைத்துவிட்டு எடு. சூப்பர்வைசர் கத்தினால் கத்தட்டும். வெட்டும் தகடு மேலே போனதும் சத்தம் அடங்கும். நின்றுவிட்டது என்று நம்பிவிடாதே. நான் நம்பினேன்.

உன் அக்கா