தம்பியின் அட்டையில் நான் ஒட்டியது

பாப்பா,

அப்பாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருந்தால் போதும், இப்போதைக்கு எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. அப்பாவின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், வலி போய்விட்டது, பல் மருத்துவரைத் திட்டும் வேலை மட்டும் இன்னும் முடியவில்லை. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. கீழ்வீட்டுத் தையல்காரர் தன் கூரையில் ஈரம் ஊறுகிறது என்று ஏறி வந்தார், முகக்கவசத்தோடு வாசலில் நின்று சண்டை போட்டார், அப்பாவும் முகக்கவசத்தோடு பதில் சண்டை போட்டார், ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை, அதனால் சுமுகமாகவே முடிந்தது. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொல்ல முடியாத ஒன்று இருப்பதால்தான் காகிதம். மூன்று ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தேன். நீ ‘சொல்லும்மா’ என்றதும் குழாய் ஒழுகுவதுதான் என் வாயில் வந்தது.

போன ஞாயிறு நீ சொன்னாய். நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் இருபதாம் தேதிக்குள் கொரோனா ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள் வர வேண்டாம் என்கிறார்கள், நீ போட்டுக்கொள்ளப் போவதில்லை, வேலை போனால் போகட்டும் என்று. ஏன் என்று கேட்டேன். நீ கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ‘மாமா ரெண்டு ஊசியும் போட்டுட்டுத்தானேம்மா போனாரு’ என்றாய். நான் ‘ம்’ என்றேன். அந்த ‘ம்’முக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உன் மாமா ஊசி போட்டுக்கொள்ளவில்லை, பாப்பா. இரண்டு இல்லை, ஒன்றுகூட இல்லை. போட்டுக்கொண்டான் என்று எழுதி வைத்தது நான்.

நான் உட்காரும் டைம் ஆபீஸை நீ பார்த்திருக்கிறாய். கேட்டை ஒட்டி ஒரு மேசை, ஒரு ஜன்னல், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய அறை. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன். போன வருடம் நோட்டீஸ் ஒட்டினார்கள். மெஷின் ஹாலில் காற்றோட்டம் குறைவு, ஆகவே முதல் தேதியிலிருந்து ஊசி போட்டவர்களுக்கு மட்டும் அங்கே வேலை, பசைப் பிரிவுக்கும் லோடிங் ஆட்களுக்கும் மூன்று மாதம் அவகாசம் என்று. சான்றிதழை என் ஜன்னலில் காட்ட வேண்டும், நான் இரண்டு தேதிகளையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டு அடையாள அட்டையின் மூலையில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவேன். ஸ்டிக்கர் சுருள் என் இழுப்பறையில் இருந்தது. திடீரென்று எல்லோரும் எனக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். முதலாளிக்கு அடுத்த மரியாதை இப்ப இந்தச் சுருளுக்குத்தான் என்று பாட்டுக்காரி சிரித்தாள். பசைப் பிரிவில் நாள் முழுக்கப் பாடிக்கொண்டே பெட்டி ஒட்டுவாளே, அவள்தான்.

மெஷின் ஹாலில் வேலை பார்த்த உன் மாமாவை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வக்கீல். பத்தாவது தாண்டாதவன், ஆனால் வாதம் என்று வந்துவிட்டால் மெஷினை நிறுத்திவிட்டு வருவான். நோட்டீஸ் ஒட்டிய அன்று டீக்கடையில் அவன் பேசியதைக் கேட்க ஷிப்டு முடிந்தவர்களும் நின்றார்கள். ‘உடம்பு என்னுது, நோட்டீஸ் அவங்களுது. ஒட்டுறதுக்கு என் உடம்பு என்ன செவுரா?’ என்றான். கைதட்டினார்கள். ‘கைகழுவுற எடத்துல சோப்பு வைங்கன்னு ஆறு மாசம் எழுதிக் கேட்டோம், வெக்கல. இப்ப மட்டும் நம்ம உசுரு மேல என்னடா திடீர்ப் பாசம்?’ என்றான். அவன் கேட்டது நியாயம்தான். கம்பெனி எங்களைக் கேட்டிருக்கலாம், உட்கார வைத்துப் பேசியிருக்கலாம். நோட்டீஸ் ஒட்டினார்கள், அவ்வளவுதான். மருந்து கெட்டது என்று அங்கே முக்கால்வாசிப் பேர் நினைக்கவில்லை. சொன்னவர்களை நம்பவில்லை.

ஆனால் உன் மாமாவின் காரணம் இதில் எதுவும் இல்லை. அது எனக்கு மட்டும் தெரியும். அவனுக்கு ஏழு வயதில் தொடையில் கட்டி வந்து, கம்பவுண்டர் ஊசி போட, நான்தான் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பன்னிரண்டு. என் மணிக்கட்டைக் கடித்தான், கத்தினான், என் பாவாடையெல்லாம் நனைத்துவிட்டான், வெளியே நின்ற பையன்கள் வாரக்கணக்கில் சிரித்தார்கள். அதன் பிறகு அவன் ஊசி இருக்கும் அறைக்குள் போனதில்லை. கையைத் தகடு கிழித்தபோதுகூடத் தையல் வேண்டாம் என்று துணியைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டான். ஐம்பது வயது ஆண் பிள்ளை பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வான். கொள்கை என்றால் கைதட்டுகிறார்கள்.

கெடு முடியும் நாள் சாயங்காலம் அவன் என் ஜன்னலுக்கு வந்தான். கூட யாரும் இல்லை. வாதாடவில்லை. ‘போனேன்க்கா. வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி ரெண்டே பேருதான். கால் நிக்கல, வந்துட்டேன்’ என்றான். பிறகு, ‘நாளைக்கு என்னை உள்ள விட மாட்டியாக்கா’ என்றான். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். நான் இழுப்பறையைத் திறந்தேன். பதிவேட்டில் தேதி வேண்டுமே, என் தேதிகள்தான் ஞாபகத்தில் இருந்தன, அவற்றையே அவன் பெயருக்கு நேரே எழுதினேன். ஒட்டிய ஸ்டிக்கரை அவன் கட்டைவிரலால் ஒருமுறை தடவினான். அந்த ஊசி முகாம் எங்கள் கேட்டிலிருந்து இரண்டு தெரு. ஜன்னலைச் சாத்திவிட்டு அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கண்ணை மூடிக்கோடா என்று பக்கத்தில் நின்றிருக்கலாம். அரை மணி நேர வேலை. முதல் ஊசியாவது உள்ளே போயிருக்கும், மிச்சத்தை மேனேஜரிடம் கெஞ்சியிருக்கலாம். ஸ்டிக்கர் ஒட்டுவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

காய்ச்சல் வந்து மூச்சு திணறியபோது அவனை ஆஸ்பத்திரியில் சேர்க்க உன் அத்தையும் நானும்தான் போனோம். கவுன்டரில் இருந்த பெண், ஊசி போட்டிருக்காரா என்று கேட்டாள். ரெண்டும் போட்டாச்சு என்று அத்தை சொன்னாள். கட்டின பெண்டாட்டியிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறான். நான் அவள் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண் எழுதுவதைப் பார்த்தேன். என் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு நாள். பதிமூன்றாம் நாள் காலை போன் வந்தது, அது உனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் சிகிச்சை வேறாக இருந்திருக்குமா என்று அப்பாவின் பல் மருத்துவரிடம் கேட்டேன், யாரோ ஒருவருக்கு என்பது போல. செய்றதைத்தான் செஞ்சிருப்பாங்கம்மா என்றார். பல் மருத்துவர் சொன்ன பதில். அதை வைத்துக்கொண்டுதான் நாளை ஓட்டுகிறேன். போட்டிருந்தால் பிழைத்திருப்பானா என்பதும் தெரியாது, போட்டும் போனவர்கள் உண்டு. ஆனால் பிழைக்க ஒரு வழி இருந்தது, அதை அவனுக்கு நான் அடைத்துவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் இதை நான் என்னோடு எடுத்துக்கொண்டு போயிருப்பேன், பாப்பா. முடியவில்லை. வக்கீலே ரெண்டும் போட்டுட்டுப் போயிட்டாரு என்று டீக்கடையில் பேச்சு. அவ்வளவு வாதாடின மனுஷன், கடைசியில போட்டுக்கிட்டாரு, அதான் ஆளைக் காணோம் என்று லோடிங்கில். பசைப் பிரிவும் லோடிங்கும் ஒன்றாகச் சேர்ந்து மாட்டோம் என்றன, கம்பெனி பயந்துபோய் நோட்டீஸைக் கிழித்தது. பாட்டுக்காரி ஊசிக்கு டோக்கன் வாங்கி வைத்திருந்தாள். என் ஜன்னலுக்கு வந்து, ‘உங்க தம்பியையே காப்பாத்தலியேக்கா, என்னையா காப்பாத்தப் போவுது’ என்று ஆறுதலாகத்தான் சொன்னாள், எனக்கு ஆறுதல். டோக்கனை நான்காக மடித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் போனாள். அடுத்த மாதமே அவளுக்கு வந்துவிட்டது. பிழைத்துவிட்டாள். பசைப் பிரிவுக்கு ஆறு படி ஏற இரண்டு தடவை உட்காருகிறாள். பாட்டு இல்லை. முதல் தடவையாக அந்தக் கூடத்தில் விசிறி ஓடும் சத்தம் கேட்கிறது.

நீ போன் பண்ணிய மறுநாள் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். ‘போனவரு திரும்பி வரப் போறதில்ல. சொன்னீங்கன்னா உங்க வேலை போகும், எங்க பேரும் போகும். விடுங்கம்மா’ என்றார். அன்று சாயங்காலம் உன் அத்தையிடம் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். நிறுத்தாமல் மடித்தாள். கடைசித் துணி முடிந்ததும், ‘கையை நீட்டி இங்கதான் போட்டாங்கன்னு காட்டினாரு அண்ணி, ரெண்டு நாள் அந்த எடத்துல ஒத்தடம் குடுத்தேன்’ என்றாள். பிறகு, ‘ஆஸ்பத்திரியில என் பக்கத்துலதானே நின்னீங்க’ என்றாள். கதவுவரை வந்து செருப்பை எடுத்து என் காலருகே வைத்தாள். அதன் பிறகு பேசவில்லை. நீ அவளுக்குப் போன் பண்ணு, என் பேச்சை எடுக்காதே.

புதன்கிழமை ஷிப்டு மாறும் நேரத்தில் கேட்டருகே எல்லோரையும் நிற்கச் சொல்லிச் சொன்னேன். என் தம்பி ஊசி போட்டுக்கொள்ளவில்லை, நான்தான் பொய்யாக எழுதினேன், அவனைப் பார்த்து யாரும் போட்டுக்கொள்ளாமல் இருக்காதீர்கள் என்று. நான் எதிர்பார்த்தது வசவு. அடி விழுந்தாலும் சரி என்றுதான் நின்றேன். யாரும் திட்டவில்லை. லோடிங் மேஸ்திரி, மாமாவோடு பதினைந்து வருடம் டீ குடித்தவர், மெதுவாகத்தான் கேட்டார், ‘மேனேஜரு சொல்லிக் குடுத்தாராக்கா? செத்துப்போனவன் மேல போயி பழி போடுறீங்களே, சொந்தத் தம்பி’ என்று. பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தேன், பாருங்கள், என் தேதியும் அவன் தேதியும் ஒன்று என்றேன். அக்காவும் தம்பியும் ஒண்ணாப் போயிருப்பீங்க என்றார் ஒருவர். பொய்யை அவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறேன். பாட்டுக்காரி மட்டும் கூட்டத்தின் பின்னால் படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் நம்பினாள். பார்த்த பார்வையில் தெரிந்தது. அவள் நம்பியதைத்தான் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை முதல் வேலைக்கு வர வேண்டாம், விசாரணை முடியட்டும் என்றார்கள். வீட்டில் இருக்கிறேன். அப்பாவுக்கும் புதனன்றுதான் தெரியும். நேற்று என் முன்னால் காகிதத்தையும் பேனாவையும் வைத்து, ‘ஊருக்குச் சொன்னே சரி, புள்ளைக்குச் சொன்னியா?’ என்றார்.

உன்னைக் கட்டாயப்படுத்த எனக்கு வாய் இல்லை. உன் இடத்தில் இருப்பவர்கள் உன்னை உட்கார வைத்துப் பேசினார்களா, நோட்டீஸ் மட்டும் ஒட்டினார்களா, எனக்குத் தெரியாது. கேள்வி இருந்தால் கேள், பதில் வரும்வரை கேள், மருத்துவரிடம் கேள், என்னைப் போலப் பல் மருத்துவரிடம் கேட்காதே. போட்டுக்கொள் என்று நான் கெஞ்சத்தான் முடியும், கெஞ்சுகிறேன். நீ குளிப்பாட்டித் துடைத்துவிடும் அந்த வயதானவர்களை நினைத்துப் பார் என்றும் கேட்கிறேன். நன்றாக யோசித்துவிட்டு வேண்டாம் என்றால் அது உன் முடிவு, வேலை போனாலும் நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனால் மாமாவைக் காரணம் காட்டாதே. அவன் உடம்பில் அந்த மருந்து ஒரு சொட்டுகூடப் போகவில்லை. நீ பார்த்துப் பயந்தது மருந்தை இல்லை, என் கையெழுத்தை.

இருபதாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள். தபால் அதற்குள் வராது, பக்கங்களைப் படமெடுத்து இப்போதே அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறார். காகிதமும் பின்னால் வரும், இதைத் தூக்கிப் போட்டுவிடாதே. யாராவது கேட்டால் காட்டு.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி அண்டாமல் நிறைய நாள் இருக்க வேண்டும். உன் கையால் தொடப்படுகிற அந்தக் கிழவர்களும் கிழவிகளும் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. திட்ட வேண்டும் என்று தோன்றினால் திட்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, எனக்கு அது சேர வேண்டியதுதான். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. நம்புகிறேன் என்று ஒரு வார்த்தை எழுதிவிடு. இருபதாம் தேதிக்குள்.

அம்மா