பின்னால் நின்று கூப்பிட்ட பேர்

வெள்ளறடை,
ஆகஸ்ட் 21, வியாழன்.

அன்புத் தம்பி பினுவுக்கு ஜெயதாஸ் அண்ணன் எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நானும் ஜெஸியும் சுகம். நீயும் தோகாவில் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாரே, இந்த ஆளுக்குக் கிறுக்கா என்று நீ சிரிப்பாய். வாய்ஸ் அனுப்பச் சொல்லியிருந்தாய். நாலு தடவை பேசினேன், நாலையும் அழித்துவிட்டேன். உன்னோடு வேலை பார்க்கிற நிபின் லீவு முடிந்து சனிக்கிழமை அங்கே திரும்புகிறான். இதை அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

உன் அம்மைக்குக் கண் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. நெய்யாற்றின்கரைக்கு நான்தான் கூட்டிப் போனேன். திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆட்டோவில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆட்டோக்காரரிடம், "எனக்க மூத்தவன் இருந்தாலும் இப்பிடிப் பாத்திருக்க மாட்டான், இவனும் எனக்குப் பிள்ளையாக்கும்" என்றார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். சொட்டு மருந்து தினம் மூன்று வேளை ஜெஸி போய் விடுகிறாள். நீ கவலைப்பட வேண்டாம்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். மேலதிகாரி உன்னைக் கோல்ஃப் விளையாடக் கூப்பிட்டிருக்கிறார், அடிக்கிற பந்தெல்லாம் வலது பக்கமே ஓடுகிறது என்றாய். ஆறு வருஷம் துபாய் கோல்ஃப் கிளப்பில் புல் வெட்டி, ஊழியர் போட்டியில் கோப்பையும் வாங்கினவர், பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை உங்களை விட்டால் வேறு யார் உண்டு என்று கேட்டிருந்தாய். வேறு யாரும் இல்லைதான். அந்தக் கோப்பையில் ஜெஸி இப்போது பூண்டு போட்டு வைத்திருக்கிறாள்.

பந்து வலது பக்கம் ஓடுவதற்குப் பாதிக் காரணம் பிடி. இடது கை மேலே, வலது கை கீழே. குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு விரல்முட்டுகள் உனக்குத் தெரிய வேண்டும். இறுக்கிப் பிடிக்காதே. ரப்பர் பால் வெட்டுகிறவன் கத்தியை அழுத்தினால் பால் அதிகம் வராது, மரந்தான் காயப்படும். இதுவும் அப்படித்தான். கால்களைத் தோளின் அகலத்துக்கு வை, முழங்கால் கொஞ்சம் மடங்கட்டும். முதல் வாரம் முழு வீச்சு வேண்டாம். மட்டை இடுப்பைத் தாண்டாமல் தினம் ஐம்பது தடவை வீசு. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அறையில் பாயை விரித்து, எவர்சில்வர் தம்ளரைச் சாய்த்து வைத்து, பத்தடி தள்ளி நின்று பந்தை அதற்குள் உருட்டிப் பழகு. இளக்காரமாக நினைக்காதே, பாதி ஆட்டம் அந்த உருட்டலில்தான் இருக்கிறது.

அடுத்தது தலை. அடித்து முடிகிற வரை தலையைத் தூக்காதே. பந்து இருந்த இடத்துப் புல்லைப் பார்த்த பிறகுதான் நிமிர வேண்டும். பயிற்சி கொடுக்கிற எல்லாரும் இதைச் சொல்வார்கள். நானும் மாதக்கணக்கில் இதைப் பழகினேன். நன்றாகவே பழகிவிட்டேன். அதனால்தான் உன் அண்ணன் வண்டியை விட்டு இறங்கியதை நான் பார்க்கவில்லை.

ஆம் தம்பி. எட்டு வருஷத்துக்கு முன்னால் ராஜதாஸின் தலையில் பட்ட பந்தை யாரோ விருந்தாளி அடித்தான் என்று உன் வீட்டில் வந்து சொன்னேன் அல்லவா, அது பொய். அடித்தது நான்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஊழியர்களும் அடித்துப் பழகலாம் என்று அனுமதி உண்டு. ராஜதாஸ் பந்து பொறுக்குகிற வண்டி ஓட்டுவான். சுற்றிலும் இரும்பு வலை அடித்த வண்டி, உள்ளே இருந்தால் ஒன்றும் ஆகாது. நான் வண்டியைக் குறி வைத்து அடிப்பேன். வலையில் ணங் என்று பட்டால் அவன் ஹாரன் அடித்துச் சிரிப்பான். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டு. அன்றைக்கு வண்டி நின்றிருந்தது. நல்ல குறி என்று நினைத்தேன். தலை குனிந்து, சொன்னேனே அந்தப் பிடியில், அடித்தேன். நிமிர்ந்தால் அவன் வண்டிக்கு வெளியே, முதுகைக் காட்டி, பந்து பொறுக்கும் உருளையில் சிக்கிய பந்தைக் குனிந்து எடுத்துக்கொண்டிருக்கிறான்.

அந்த மாதிரி நேரத்தில் 'ஃபோர்' என்று கத்த வேண்டும். அதைக் கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், தலையைப் பொத்திக்கொண்டு குனிவார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்தது. என் வாயில் அது வரவில்லை. "எலே ராஜா" என்றுதான் வந்தது. ஊர்க்காரன் கூப்பிட்டால் யார்தான் திரும்ப மாட்டான்? நிமிர்ந்து என் பக்கம் திரும்பினான். சிரித்த முகமாகத்தான் திரும்பினான். நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் பந்து அவன் முதுகுக்கு மேலே போயிருக்கும்.

நாங்கள் முதல் தடவை விமானம் ஏறப் புறப்பட்ட அன்று நார்த்தங்காய் ஊறுகாய்க் குப்பியை மறந்துவிட்டு நடந்தோம். உன் அம்மை கூப்பிடவில்லை. குப்பியைத் தூக்கிக்கொண்டு குறுக்கு வழியில் ஓடி, ஜங்ஷனில் எங்களுக்கு முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினார். "போறவனைப் பின்ன நின்னு விளிக்கப்பிடாது மக்கா" என்றார். இதை மூடநம்பிக்கை என்று நம் போதகர் பிரசங்கத்தில் சொல்வார். இருக்கலாம். ஆனால் எனக்கு அந்தக் குப்பிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ராஜதாஸ் இறந்த பிறகு நான் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஜெஸியைக் கைதட்டித்தான் கூப்பிடுகிறேன். நான் என்ன கோழியா என்று சண்டைக்கு வருகிறாள். இரண்டு நாளாக மழை விட்டு வெயில் அடிக்கிறது. தோட்டத்தில் ரப்பர்க் காய்கள் வெடிக்கத் தொடங்கிவிட்டன. நீ கேட்டிருப்பாய், அந்தச் சத்தத்தை. மட்டையில் பந்து பட்டது போலவே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நான் நிமிர்ந்து பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் மரங்களுக்கு நடுவே அவன் திரும்புகிறான். பயமாக இருக்கிறது தம்பி. அவன் கோபமாகப் பார்த்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். சிரிக்கிறான்.

ஆண்டவரிடம் சொல்லிப் பார்த்தேன். அம்மையிடம் சொல்லத் துணிவில்லை. கண்கட்டு அவிழ்த்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். நீ சொல்லச் சொன்னால் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

உன்னிடம் கெஞ்சிக் கேட்பது இதுதான். மட்டையை ஓங்கும் முன் எதிரே நன்றாகப் பார். ஓர் ஆள் இருந்தாலும் மட்டையைக் கீழே வை. கை மீறிப் போய்விட்டால் ஃபோர் என்று மட்டும் கத்து, பேர் சொல்லாதே.

டிசம்பரில் நீ வருவாய். காலை நேரத்தில் நான் தோட்டத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு பால் வெட்டிக்கொண்டிருப்பேன். பின்னால் நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிடு. அண்ணா என்று வேண்டாம், வெறும் பேர் போதும். உன் கையில் என்ன இருந்தாலும் சரி, நான் திரும்புவேன்.

உன் தலைக்கு ஒன்றும் வராமல் கர்த்தர் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஜெயதாஸ்